மேலே மீன், கீழே பால்

எங்கள் குசினியில் இரண்டு பிறிட்ஜ்கள் நிற்கின்றன. மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு ஏன் இரண்டு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஆரோ காசு அனுப்புகிறார்கள் போல என்று சிலர் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டு போவார்கள். நான் ஒருவருக்கும் விளக்கம் சொல்வதில்லை. விளக்கம் சொல்லப் போனதால்தான் இரண்டாவது வந்தது.

விளக்கம் சொல்வதுதான் என் தொழில் என்பது இதில் பெரிய எரிச்சல். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் குளிரூட்டல் பாடம் படிப்பிக்கிறேன். அச்சுவேலிக்குப் பக்கத்தில் வெங்காயமும் புகையிலையும் வைக்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பார். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அந்த வீட்டிலிருந்து கம்பஸ் வரைக்கும் போன முதல் ஆள் நான் என்பதால், வயர் உள்ள எந்தச் சாமான் பழுதானாலும் என் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். திருத்தினால் ஒரு சத்தமும் இல்லை. திருத்தாவிட்டால், தோட்டத்துக்குப் போகிற வழியில் அப்பா ஒரு சொல் எறிந்துவிட்டுத்தான் போவார்.

எல்லாம் அம்மாவின் காலில் தொடங்கியது. நரம்பு முடிச்சு விழுந்து, பின்னேரமானால் கணுக்கால் இருந்த இடம் தெரியாமல் வீங்கிவிடும். கனநேரம் நிற்கக்கூடாது, கதிரையில் இருந்துகொண்டு காலைத் தூக்கி வைக்க வேண்டும் என்று தெல்லிப்பழை கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அம்மாவோ காலை, மத்தியானம், இரவு என்று மூன்று சமையலுக்கும் அடுப்படியிலேயே நின்றார். ஒரு நேரம் சமைத்து வைத்துச் சூடாக்கிச் சாப்பிடுவோம் என்றால், அப்போது இருந்த பழைய பிறிட்ஜ் அதற்கு உதவாது. அதில் மேலே இருக்கிற தகரப் பெட்டிதான் குளிர் தருவது. அந்தத் தகரத்தில் ஐஸ் பிடிக்கும். தேங்காய்ப்பூப் போலத் தொடங்கிக் கல்லாகிவிடும். தடித்த ஐஸ் போர்வை மாதிரிக் குளிரை மறித்துக்கொள்ள, கீழே வைத்த கறி பழுதாகும். அம்மா மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து அந்த ஐஸைக் கொத்துவார். தகரத்துக்குள்ளே காஸ் ஓடுகிறது, கத்தியால் சுரண்டினால் ஓட்டை விழும், ஓட்டை விழுந்தால் பெட்டி முடிந்தது என்று நான் கத்துவேன். அப்ப மீனை எங்கை வைக்கிறது, உன்ரை தலையிலையோ என்று கேட்டுவிட்டு அம்மா தொடர்ந்து கொத்துவார்.

ஆகவே ஐஸ் பிடிக்காத பிறிட்ஜ் ஒன்று வாங்கினேன். பழையது வெங்காயக் கொட்டிலுக்குப் போய், எலி படாமல் விதை வைக்கிற அலுமாரியானது. இனி அம்மா கதிரையில் இருப்பார் என்று நினைத்தேன்.

அம்மா புதுப் பெட்டியைத் தன் முறைப்படி பிரித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் மீன் காய்ச்சுகிற மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு, அகப்பையும் வேறு. செவ்வாயும் வெள்ளியும் மச்சச் சட்டி ஒரு மூலையில் கவிழ்ந்து கிடக்கும். அதே மாதிரி, மேல்கதவுக்குள்ளே மீனும் இறாலும், கீழ்க்கதவுக்குள்ளே பாலும் தயிரும் மரக்கறியும். இரண்டு கதவு, ஆகவே இரண்டு வீடு. நல்ல ஒழுங்கு என்று நானும் சொன்னேன்.

முதல் பிரச்சினை ஐஸ் இல்லாதது. பக்கத்து வீட்டு மாமி மேல்கதவைத் திறந்து, சுவரை விரலால் தடவிப் பார்த்து, ஐஸையே காணேல்லை, காஸ் போயிட்டுது போல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா மாமியை நம்பினார். சாப்பாட்டுக்கு இருந்தபோது நான் விளங்கப்படுத்தினேன். ஐஸ் பிடிக்கத்தான் செய்கிறது, ஆனால் பின்சுவருக்குப் பின்னால் ஒளித்திருக்கிற குழாய்ச் சுருளில். அதற்குக் கீழே ஒரு சின்ன ஹீற்றர். இடைக்கிடை அது தானாகச் சூடாகி அந்த ஐஸை உருக்கும். உருகிய தண்ணீர் குழாயால் இறங்கிப் பின்னால் உள்ள தட்டில் விழுந்து காய்ந்துபோகும். ஐஸ் பெட்டியிலிருந்து இவ்வளவு தூரம் வர எத்தனை பேர் மண்டையை உடைத்திருப்பார்கள் என்றும் சொன்னேன்.

அப்பா பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"குளிராக்கிற பெட்டிக்குள்ளை சூடாக்கிற அடுப்பு. உதைப் படிக்கத்தான் உவன் நாலு வருசம் கம்பசுக்குப் போனவன்."

என் மாணவர்களுக்கு அந்த ஹீற்றர் விளங்க ஒரு பாடவேளை போதும். எங்கள் வீட்டில் அது இன்றைக்கும் பகிடிதான். மார்கழிப் பனிக்கு அப்பா போர்வை கேட்கமாட்டார். பிறிட்ஜுக்குள்ளை போய்க் குந்தப்போறன் என்பார்.

இரண்டாவது பிரச்சினை பால் திரைந்தது. மேலே மீன் கல்லாக இருக்கிறது, கீழே ஒன்றும் குளிரவில்லை. திறந்து பார்த்தேன். மேல்தட்டின் பின்சுவரில் காற்று வருகிற ஓட்டைகள் எல்லாவற்றிலும் பழைய சீலைத்துண்டு அடைத்திருந்தது. உதாலை காத்து ஒழுகுது, எங்கையோ வெடிச்சிட்டுது எண்டு நான்தான் அடைச்சனான் என்றார் அம்மா. சமாளித்துவிட்டேன் என்ற பெருமையும் அதில் இருந்தது.

சீலைத்துண்டை இழுத்தெடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்க வேண்டும். எனக்கு அது வராது. நான் பிறிட்ஜுக்கு முன்னால் குந்தியிருந்து, விரலால் வழி காட்டிக் காட்டிப் பாடத்தைத் தொடங்கினேன்.

"அம்மா, கீழுக்கெண்டு தனிக் குளிர் இல்லை. மேலை ஒரு விசிறி இருக்குது. அது குளிர்காத்தை இந்த ஓட்டையளாலை கீழை தள்ளும். அந்தக் காத்து கீழை சுத்திப்போட்டுத் திரும்ப மேலை போகும்."

"அப்ப மேலை நிக்கிற காத்துத்தான் கீழை வருதோ?"

"ஓம். ஒரே காத்துத்தான்."

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டிருந்தால் மெச்சியிருப்பேன். அம்மா மேல்கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேலை மீனெல்லோ இருக்குது," என்றார்.

கதவடியில் கால் கழுவிக்கொண்டு நின்ற அப்பாவுக்கு என் படிப்பில் முதன்முதலாக ஏதோ விளங்கியது. ஒரே வாய்க்கால், மீன் பாத்தியாலை வந்து பால் பாத்திக்குப் பாயுது என்றார். அதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க முடியாது. அதுதான் பிழையாய்ப் போனது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்குக் கொண்டுபோன பால் எல்லாம் அம்மாவுக்கு நினைவுக்கு வந்தது. உள்ளே இருந்த தயிர்ச் சட்டியை எடுத்துக்கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினார். திரும்பி வந்து மத்தியானச் சமையலுக்கு அடுப்பை மூட்டினார். வீங்கிய காலோடு.

நான் விடவில்லை. மீனைப் பையில் கட்டி, மூடியுள்ள பெட்டியில் வைப்போம் என்றேன். மணம் என்பது வேறு, மீன் என்பது வேறு என்றேன். இப்போது மேலுக்கு ஒரு சுருளும் கீழுக்கு ஒரு சுருளுமாக, இரண்டு காற்றும் ஒன்றையொன்று தொடாத பிறிட்ஜ்களும் வந்துவிட்டன என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிறகேன் உந்தப் பெட்டியை வாங்கினனி என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இரட்டைச் சுருளைப் பற்றி நான் படிப்பிக்கிறவன். மரக்கறி வாடாது, ஈரப்பதன் நிற்கும், கரண்ட் மிச்சம் என்று பலகையில் எழுதிப்போடுவேன். வெள்ளிக்கிழமையை நான் எழுதியதில்லை.

கடைசியாக, என்னிடம் இருந்த பலமான நியாயத்தை எடுத்தேன். வெள்ளிக்கிழமையில் மாமி வீட்டில் சூடை மீன் பொரித்தால் எங்கள் குசினிக்குள் மணக்கிறதுதானே, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். "அது தானா வாறது, தம்பி. இது நாங்கள் கரண்டைப் போட்டு ஊதிவிடுறது."



இப்படியே கந்தசட்டி வந்தது. அம்மா வருசா வருசம் பிடிக்கிற விரதம். பகல் முழுக்க ஒன்றுமில்லை, பொழுதுபட்டபின் பாலும் பழமும். வீட்டில் மீன் இல்லை, மேல்தட்டு வெறும் பெட்டி. இனி என்ன என்றேன். மீனை எடுத்தாச்சு, அந்தக் காத்து உள்ளுக்கைதானே சுத்துது என்றார் அம்மா. சரி என்று ஸ்குறூட்ரைவரை எடுத்தேன். பின்சுவரைக் கழற்றி, விசிறியையும் சுருளையும் வெளியே தெரிய வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்தார். சுருள் முழுக்க வெள்ளை வெளேரென்று ஐஸ்.

ஐஸ் பிடிக்காத பெட்டி எண்டாய் என்றார்.

முன்பே சொன்னேன், உருக்குவதற்குத்தான் அந்த ஹீற்றர் என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். கரண்டை நிறுத்தி, ஐஸ் உருகியபின் எல்லாவற்றையும் துடைத்தேன். தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரால் ஒருமுறை, அம்மா தந்த மஞ்சள் தண்ணீரால் ஒருமுறை, ஹீற்றர் வயரில் படாமல் துணியை நனைத்து நனைத்து. ஒரு பட்டதாரி செய்கிற வேலை. முடித்து நிமிரும்போது, காற்று கீழே போகிற அந்தக் குழாய்க்குள்ளும் துடைக்கக் கை போகுமோ என்று அம்மா கேட்டார். போகாது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அம்மா பாலை அந்தப் பெட்டிக்குள் வைக்கவேயில்லை.

பால்காரர் வருவது விடியற்காலையில். பொழுதுபடும்வரை அதைப் பழுதாகாமல் வைக்க அம்மா அடிக்கடி எழும்பிக் காய்ச்சினார். காய்ச்சியும் ஐப்பசிப் புழுக்கத்தில் அது திரைந்தது. திரைந்தால் சுடுதண்ணீரும் ஒரு கதலிப்பழமும். மூன்றாம் நாள் நான் வேலையால் வந்தபோது அம்மா குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை சுத்துது, ஒண்டுமில்லை என்றார். உதடு வெளுத்திருந்தது. கால் இரண்டும் தூண் மாதிரி. பக்கத்திலேயே நான் வாங்கிக் கொடுத்த பெட்டி, அம்மாவுக்காக வாங்கிய பெட்டி, வெறுமையாக, குளிராக, ஒரு துளி ஐஸ் இல்லாமல் இரைந்துகொண்டு நின்றது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு கோப்பைப் பாலைக் கெடாமல் வைக்க உலகத்தில் எவ்வளவோ கண்டுபிடித்துவிட்டார்கள், நீங்கள் சுடுதண்ணி குடிச்சு விழப்போறியள் என்று கத்தினேன். அம்மாவைக் கதிரையில் இருத்திக் காலைத் தூக்கி வைத்த அப்பா என் பக்கம் திரும்பினார். பகிடி ஒன்றும் அந்த முகத்தில் இல்லை.

"கொம்மாவோடை வாதாடி நீ வெல்லமாட்டாய். கொட்டிலுக்கை கிடக்கிறதை இழுத்துக்கொண்டு வா. உதிலை மீன், அதிலை பால். விசயம் முடிஞ்சுது."

இரட்டைச் சுருள் பிறிட்ஜுக்குப் பதிலாக அப்பா கண்ட வழி இது. அன்றைக்கே விதைகளைச் சாக்கில் கொட்டிவிட்டு, நானும் அப்பாவும் பழைய பிறிட்ஜைக் குசினிக்குக் கொண்டுவந்தோம். உள்ளே முழுக்க மஞ்சள் தண்ணீரால் கழுவினேன். கதவு றப்பர் நைந்திருந்தது, மாற்றினேன். மறுநாள் காலையில் அது உறுமிக் குளிரத் தொடங்கியது. அம்மா பாற்செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தபடி கேட்டார்.

"இதுக்குள்ளை விசிறி இல்லையெல்லோ?"

"இல்லை அம்மா."

குளிர்காற்று பாரமானது. விசிறி இல்லாவிட்டாலும் மேல்பெட்டியிலிருந்து தானாகக் கீழே இறங்கும். இதற்குள் மீன் வைத்த அத்தனை வருசமும் அது இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இவ்வளவும் நாக்கு நுனிக்கு வந்தது. அம்மா பாற்செம்பை என்னிடம் நீட்டினார். வாங்கிக் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அன்று பொழுதுபட அம்மா இருந்த இடத்தில் இருந்து பால் குடித்தார்.

கந்தசட்டி முடிந்தும் அந்தப் பெட்டி வெளியே போகவில்லை. வெள்ளிக்கிழமைச் சமையல் இப்போது ஒரு நேரம்தான், மிச்சம் அதற்குள். மேலே ஒன்றும் வைக்காத அந்தத் தகரப் பெட்டியில்தான் ஐஸ் அள்ளிக்கொண்டு பிடிக்கிறது. அம்மாவின் கையில் கத்தியைக் கொடுக்க எனக்குப் பயம். ஆகவே வியாழக்கிழமைப் பின்னேரங்களில், தானாக ஐஸ் உருக்கும் தொழில்நுட்பத்தின் நன்மைகளைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு வந்து, நான் கரண்டை நிறுத்திவிட்டு, சட்டியில் சுடுதண்ணீர் வைத்து, பழந்துணியோடு நிலத்தில் இருக்கிறேன். உருகி வழிகிற தண்ணீரைப் பிழிந்து பிழிந்து வாளிக்குள் விடுகிறேன். போன கிழமை ஒரு கட்டி கழன்று வர மறுத்தது. பொறுமை கெட்டு அகப்பைக்காம்பால் அதை நெம்பினேன்.

அம்மா பின்னால் கதிரையில், காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு இருந்தார்.

"சுரண்டாதை, தம்பி," என்றார். "ஓட்டை விழும்."