ஓப்பநாயக்கவில் ஒரு வெள்ளைத் தரை

2008 ஜூலையில் புதன் தொடங்கி மூன்று நாள் லீவு போட்டு ஓப்பநாயக்கவுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, நான் செய்த வேலை ஒன்று ஏன் தோற்றது என்று பார்க்க. கொழும்பில் சுப்பர்மார்க்கெட்டுகளுக்கு உட்புறம் வரைந்து கொடுப்பது என் தொழில். தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில் அக்கா புருஷன் லோகன் நடத்தும் பலசரக்குக் கடையையும் ஏப்ரலில் அப்படி மாற்றிக் கொடுத்திருந்தேன். மூன்றே மாதத்தில் கூட்டம் பாதியானது. லோகன் மச்சான் கட்டாருக்கு வேலைக்குப் போகக் கொழும்பு மருதானையில் ஒரு ஏஜென்சியிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை இறுதிப் பதில் சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஏழாம் மாதம்.

புறக்கோட்டையில் காலை 5.45க்கு பதுளை பஸ். ஏறத்தாழ 130 கிலோமீட்டர், டிக்கெட் 165 ரூபாய். வழியில் இராணுவச் சோதனைக்கு இறங்கி ஏறியதில் இருபது நிமிடம் போனது. குருவிட்டவுக்குப் பிறகு மழை. ரப்பர் மரங்கள் பனிக்குள் வரிசையாக வந்து வரிசையாகக் கரைந்தன. மாணிக்கக் குழிகளின் ஓலைக் கூரைகள் மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோல் தெரிந்தன. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. 10.20க்கு இறங்கினேன்.

கடை அங்கிருந்து நாலு கிலோமீட்டர். திரீவீல் 150 ரூபாய். ஓட்டியவர் சிங்களவர், ஆனால் தமிழும் பேசினார்.

"சுது கடேக்கா தம்பி? நம்ம ஆளுங்க எல்லாம் வெள்ளைக் கடைன்னுதான் சொல்றது. உள்ள போனா ஊசி போடுவாங்கன்னு பயம்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கடையமைப்பில் மர்மம் எதுவும் கிடையாது. பருப்பையும் சீனியையும் கடைசியில் வைத்தால் வாடிக்கையாளர் பிஸ்கட்டையும் ஷாம்பு பாக்கெட்டையும் கடந்துதான் போக வேண்டும். வெளிச்சம் கூடினால் நிற்கும் நேரம் கூடும். கவுண்டரை எடுத்துவிட்டால் கை தானாகப் பொருளைத் தொடும். இத்தனையும் செய்து, பழைய சிவப்புச் சீமெந்தின் மேல் பளபளக்கும் வெள்ளை டைல் பதித்திருந்தேன்.

அன்று மாலை ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நாலரைக்கு, பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பெண்கள் இறங்கி வந்தார்கள். மழைக்குள் கடை விளக்கேற்றிய படகு மாதிரி இருந்தது. அவர்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். அவர்களின் உருவம் மட்டும் டைலில் தலைகீழாக உள்ளே வந்து கிடந்தது. வெளியே நின்றே "மொதலாளி, நெருப்புப் பெட்டி ஒண்ணு" என்றார்கள். வாங்கிக்கொண்டு பனிக்குள் போய்விட்டார்கள்.

பாக்கியம் என்ற அம்மா மட்டும் உள்ளே வந்தார். சீனி இருந்த தட்டு வரை போனவர் திரும்பிப் பார்த்தார். வந்த வழி முழுக்கச் சேற்றுத் தடம், நடுநடுவே சிவப்புப் பொட்டு. அட்டை கடித்த காலிலிருந்து இரத்தம். இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துக் குனிந்து துடைத்தார். பொட்டு பரவி இளஞ்சிவப்பானது. எதையும் எடுக்காமல் வாசலுக்குப் போனார்.

"பரவாயில்ல, உள்ள வாங்கக்கா. நாங்க தொடச்சுக்கிறோம்" என்றேன்.

"யாரு தொடைக்கிறது? புள்ளத்தாச்சி ஒங்க அக்கா குனிஞ்சு தொடைப்பா, நான் சீனி பாத்துக்கிட்டு நிக்கவா?"

"வாசல்ல ஒரு பைப் போட்டுத் தர்றேன். கழுவிட்டு வரலாம்."

"கால் கழுவிட்டு உள்ள வர இது என்ன கோயிலா தம்பி? கால் கிலோ சீனிதானே." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "முந்தி தரையில ரத்தம் விழுந்தாலும் யாருக்குத் தெரிஞ்சுச்சு?"

ஏப்ரலில் நான் அளவெடுத்தது வெயில் நாளில். தரை காய்ந்திருந்தது, காலும் காய்ந்திருந்தது. வேறு விளக்கம் தேவையில்லை, தவறு என்னுடையது.

வியாழன் காலை, நடக்கும் வழி முழுக்க டைலை உடைக்க வேண்டும் என்றேன். மச்சான் முகம் சுருங்கியது.

"இந்தத் தரையில நின்னு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன் மச்சான். ஒடைக்கிறதுன்னா நீங்களே ஒடைங்க."

உடைத்தேன். மூன்றாவது டைலில் அவரே வந்து சுத்தியலைப் பிடுங்கினார். "நீங்க தட்டுற தட்டுக்குக் கொழந்தையே பொறந்துரும்."

பகலுக்குள் சிவப்புச் சீமெந்து போட்டு, வழுக்காமல் இருக்கத் துடைப்பத்தால் கீறி, இரண்டு நாள் கடையைப் பூட்டினோம். வெள்ளிக்கிழமை சீமெந்து காயக் காத்திருந்தோம். அக்கா கட்டார் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் எத்தனை மணி வித்தியாசம் என்று மட்டும் கேட்டாள்.

சனி மாலை மழையோடு திறந்தோம். முதலில் ஒருத்தர் கால் விரலால் தரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். பிறகு எல்லோரும். பாக்கியம் அரிசி மூட்டைக்குள் கைவிட்டு, அள்ளி, முகர்ந்து, விலை அதிகம் என்று சண்டை பிடித்தார். சாக்கிலிருந்து வடிந்த மழைநீர் சிவப்புத் தரையில் இருந்த இடமே தெரியாமல் போனது. ஆறேகால் வரை கடை நிறைந்திருந்தது.

போகிறவர்களுக்கு: விடிகாலை பஸ்ஸில் ஏறுங்கள். திரீவீல் வாடகையை ஏறுமுன் பேசுங்கள். கணுக்காலில் குளிக்கும் சவர்க்காரம் பூசிக்கொண்டால் அட்டை குறையும். ஏறிவிட்டால் பிடுங்காதீர்கள், உப்பு வையுங்கள். கடை வரைகிறவர்களுக்கு ஒன்றுதான்: வாடிக்கையாளரின் கால் ஈரமாக இருக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். கூச்சம் வந்துவிட்டால் எந்தத் தட்டு வரிசையும் ஆளை உள்ளே இழுக்காது.

ஞாயிறு நான் புறப்பட்டபோது, பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவரச் சொல்லி மச்சான் கடிதம் கொடுத்துவிட்டார். திங்கள் மருதானையில் ஒரு படிவம் நீட்டினார்கள். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. கடையில் ஆள் தேவை என்று எழுதினேன்.