முழுதும் திற, முழுதும் மூடு

மலாயாவில் காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில், சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டமொன்றில், ரப்பர் தாள்களைப் புகையில் உலர்த்தும் கூடம் என் பொறுப்பில் இருந்தது. தாள்கள் உள்ளே போனால் ஐந்து நாள் கதவைத் திறக்கலாகாது. உள்ளே நடப்பதை அறிய ஒரே வழி, கதவில் செருகிய வெப்பமானி. என் கைக்கு எட்டியதோ அடுப்புக்குக் காற்று விடும் இரும்புத் தகடு ஒன்றே. கம்பி வேலிக்கு வெளியே விறகு வெட்டத் தடை. இராணுவ அனுமதியோடு லாரியில் வந்ததையே எரித்தோம். ஒரு நாள் காய்ந்த கட்டை; மறுநாள் சொட்டச் சொட்ட நனைந்தது.

ஆகவே எனக்கொரு வழக்கம். தகட்டை விரலகலம் நகர்த்துவேன். ஒரு பதிகத்தை முழுதும் பாடி முடித்த பிறகே வெப்பமானியைப் பார்ப்பேன். நகர்த்தியதன் பலன் கதவுக்கு வந்து சேர அவ்வளவு நேரம் பிடிக்கும்.

தோட்டக் கணக்கெழுதப் புதிதாக வந்த கிராணியார், நெருப்பும் தம்மைக் கண்டால் எழுந்து நிற்கும் என்று நம்பிய ஜீவன்.

"பாட்டுக்கு ஷீட் காயுமா, பண்டாரம்? சூடு ஏறினா முழுசா மூடு. எறங்கினா முழுசா தொற. இதுக்கு என்னா பஜனை?"

"ஐயா, இப்ப மூடினா சூடு அப்புறந்தாங்க எறங்கும்."

"எனக்கே பாடமா?"

கீழ்ப்படிந்தேன். பாதரசம் சாமி வந்தவன்போல் ஏறி இறங்கியது. அவர் திறக்கச் சொல்லக் காரணமான குளிர், முன்பு அவரே மூடச் சொன்னதால் வந்தது. தம் கட்டளையோடு தாமே மல்லுக்கட்டிவிட்டு, அதற்கு நிர்வாகம் என்று பெயரிட்டார். தாள்கள் பாதி சூட்டில் கொப்புளம் கண்டன. பாதி பூஞ்சணம் பூத்தன.

"காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்கு வேல செய்யிறியா? அடுத்த ஷீட்டும் இப்பிடி வந்துச்சு, உம் பேரு போலீசுக்குப் போவும்லா!"

அப்படிப் பெயர் போன இருவர் தடுப்பு முகாமிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

நல்லவேளை, புகை அவருடைய வெள்ளைச் சட்டைக்கு ஆகாது. காலையில் வாசலில் நின்று ஆணையிட்டுப் போனால் மறுநாள்தான் தலை காட்டுவார். அடுத்த தாள்கள் உள்ளே இருந்த ஐந்து நாளும் அவர் ஆணையை அடுப்பிலே போட்டேன். விரலகலமும் பதிகமுமாகக் காத்திருந்தேன். தாள்கள் தேன் நிறத்தில் வெளிவந்தன.

தோட்ட நிர்வாகியான பெரிய துரை கிராணியாரின் கையைக் குலுக்கினார். கிராணியார் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா பண்டாரம்? பயம் காட்டினாத்தான் வேல நடக்குது."

"ஆமாங்கய்யா."

என் பெயர் போலீசுக்குப் போகவில்லை. அப்படிப்பட்டவருக்கு ஆமாம் போட்ட பாவத்துக்காக மறுநாள் முழுதும் பட்டினி கிடந்தேன்.