மாடு மேயாத புல்

அம்மாவின் மலைக்காய்ச்சலை இறக்கியவர் ஒரு அமெரிக்கத் துரைசாணி. மலைக்குக் கீழே சமவெளியில் கற்ற தமிழை, பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாக வெளியே எடுப்பார். மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊரிலேயே தங்கிவிட நினைத்து, வீடு கட்ட ஊருக்குப் பொதுவான கரட்டுமேட்டில் ஒரு துண்டு நிலத்தை விலைக்குக் கேட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் கொடுக்கலாம் என்ற கட்சி. எனக்கோ, அவர் போய்விட்டால் அம்மாவுக்கு மறுபடி காய்ச்சல் வந்துவிடும் என்று ஒரே பயம்.

முடிவு பெரியப்பா கையில் இருந்தது. அவர்தான் ஊர்க்கவுண்டர். பெண் கொடுப்பதானாலும் மண் கொடுப்பதானாலும், கேட்டு வந்தவர்களின் ஊர் எப்படி உண்டானது என்று முதலில் விசாரிப்பார்.

ஊர்க்கூட்டத்தில் துரைசாணி சளைக்காமல் தன் ஊர்ப் படத்தைக் காட்டிச் சொன்னார். பெரிய பட்டணத்துக்குப் பக்கத்தில் காடாகக் கிடந்ததாம். ஒருவர் மொத்தமாக வாங்கி, அளந்து, மனை மனையாக விற்றாராம். குடிவந்தவர்கள் ஒருவருக்கொருவர் பங்காளியும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை. ஆண்கள் காலையில் ரயிலேறிப் பட்டணம் போய், பொழுது சாயத் திரும்புவார்களாம். வீட்டுக்கு வேலி கிடையாது. வாசலில் புல் வளர்த்து, வளர வளர வெட்டுவார்களாம்.

"வெட்டி எந்த மாட்டுக்குப் போடுவீங்க?" என்று கேட்டேன்.

"மாடு இல்லை கண்ணு," என்றார்.

கூட்டம் சிரித்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியப்பா மட்டும் படத்தைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, அந்தக் காட்டுல முன்ன ஆரு இருந்தாங்க?"

"சிலர் இருந்தார்கள். போய்விட்டார்கள்."

"அவங்களாப் போனாங்களா?"

துரைசாணிக்குப் பொய் வராது. முகம் சிவந்து, "இல்லை," என்றார்.

பெரியப்பா படத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். நிலம் கிடைக்காது, துரைசாணி போய்விடுவார் என்றே நினைத்தேன். பிறகு, "இருக்கற வரைக்கும் ஊடு கட்டி இருங்கம்மா. மண்ணு ஊரோடதாவே இருக்கட்டும்," என்றார். அம்மா பிழைத்தாள் என்று நான் துள்ளிக் குதித்து ஓடினேன்.

மாடில்லாமல் புல் வளர்க்கிறவர்களை நினைத்து அந்த வருஷம் முழுக்கச் சிரித்திருக்கிறேன். எங்கள் முன்னோர் இந்த மலைக்கு வந்த கதையைப் பெரியப்பா நோன்புதோறும் சொல்வார். கதையின் தொடக்கத்தில் இங்கே வேடர்கள் இருப்பார்கள். நடுவில் எங்கேயோ காணாமல் போவார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று மட்டும் நான் கேட்டதே இல்லை.