மலசலகூடக் கதவில் ஓர் உசாத்துணை

எங்கள் பல்கலைக்கழக வளாக நூலகத்துக்குப் புத்தகம் தேடி வருகிறவர்களைவிட மின்விசிறி தேடி வருகிறவர்கள்தான் அதிகம். முந்தல் பக்கத்து வெயில் அப்படி. அதனால், மாணவர்களுக்குத் தகவல் எழுத்தறிவு வகுப்பு நடத்தும்படி மேலிடம் சொன்னபோது உதவி நூலகராகிய நான் ஒருத்திதான் மெய்யாகவே சந்தோஷப்பட்டேன். பிரதம நூலகருக்கு வேண்டியிருந்தது, கதிரைகள் நிறைந்திருக்கும் படம் மட்டும்தான்.

வகுப்பில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். கைபேசிக்கு வருகிற செய்தியை யார் எழுதினார்கள், எப்போது, யாருடைய லாபத்துக்கு என்று பார்க்கச் சொன்னேன். ஒரு பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது எப்படி, பழைய அறிக்கைகளை மட்டும் தோண்டி எடுப்பது எப்படி, எடுத்தது எங்கிருந்து என்று உசாத்துணை எழுதுவது எப்படி என்று காட்டினேன். முன்வரிசையே கொட்டாவி விட்டது. கற்பிட்டியிலிருந்து வந்து படிக்கும் மூன்றாம் வருட மாணவன் ஒருவன் மட்டும் விழித்திருந்தான்.

"மிஸ், சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்கள்ட பழைய அறிக்கையும் கிடைக்குமா?" என்று கேட்டான்.

பூரித்துப் போனேன். அவன் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நானே தேடிக் காட்டினேன். இப்படி ஒரு பிள்ளை வகுப்புக்கு ஒன்று இருந்தால் போதும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி புகழவும் செய்தேன்.

அடுத்த கிழமை, நூலகத்தின் பெண்கள் மலசலகூடக் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மழைக்கும் அழியாதபடி லேமினேட் செய்திருந்தார்கள். படத்தில் ஒரு சின்னப் பிள்ளை, கையில் கத்தரிக்கோலோடு, தொண்டு நிறுவனமொன்று புதிதாகக் கட்டிக்கொடுத்த கக்கூஸின் வாசலில் ரிப்பன் வெட்டிக்கொண்டு நின்றாள். கீழே ஆங்கிலத்தில் அவளுடைய முழுப்பெயர், கரைத்தீவில் அவளுடைய குடியிருப்பு, அதுவரை அவளும் தாயும் ஒதுங்குவதற்குக் களப்புக் கரையோரப் பற்றைக்காட்டுக்குள் போய்வந்த கதை எல்லாம் இருந்தன. அந்தப் பிள்ளை இப்போது எங்கள் வளாகத்தில் முதலாம் வருடம் படிப்பவள். சீனியர்கள் பகிடிவதையாகக் கன்டீனில் கதிரை மேல் ஏறிப் பாடச் சொன்னபோது, முடியாது என்று சொன்ன ஒரே பிள்ளையும் அவள்தான்.

எல்லாவற்றுக்கும் கீழே ஓர் உசாத்துணை இருந்தது. நிறுவனத்தின் பெயர், வருடம், அறிக்கையின் தலைப்பு, பக்கம், இணையத்தில் பார்த்த திகதி. ஒரு காற்புள்ளிகூடப் பிழையில்லை. பரீட்சையாக இருந்திருந்தால் முழுப் புள்ளி போட்டிருப்பேன்.

படத்தைக் கிழித்தேன். கிழித்து என்ன பயன்? அது அதற்குள் எல்லாருடைய கைபேசியிலும் இருந்தது. அவள் நடந்து போனால் மூக்கைப் பொத்தினார்கள், தண்ணீர் இழுத்து விடும் சத்தத்தை வாயால் செய்தார்கள். அவளுடைய குடும்பம், தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது, மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தது. அவள் பிறந்ததே இங்கேதான், ஆனாலும் எங்கள் புத்தளத்தார் வாய்க்கு அவள் இன்னும் அகதிப் பிள்ளை. மூக்கைப் பொத்தியவர்களில் பாதிப்பேர் அவளோடு ஒரே பள்ளிவாசலுக்கு உரியவர்கள்.

பிரதம நூலகரிடம் போனேன். "ஒட்டினது யாரெண்டு தெரியாம பகிடிவதை எண்டு எப்படி எழுதுறது?" என்றார். "பொய்யான படமும் இல்லையே."

அந்தக் கற்பிட்டிப் பையனைக் கூப்பிட்டேன். அவன் தலையைக் குனியக்கூட இல்லை.

"நான் ஒட்டல்ல மிஸ். தேடினது மட்டும்தான் நான். நீங்க சொன்ன மாதிரி எல்லாத்தையும் செக் பண்ணினேன். பேர், ஊர், வயசு எல்லாம் சரி."

மரியாதையாகத்தான் சொன்னான். அறைய வேண்டும் போலிருந்தது.

அன்று பின்னேரம் அவள் வந்தாள். என் மேசைக்கு முன்னால் நின்றபடியே கேட்டாள். "மிஸ், இத பொய் எண்டு நிரூபிக்க ஏதும் வழி இருக்கா?"

நான் படிப்பித்த எல்லாச் சோதனையிலும் அந்தப் படம் தேறியிருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உண்மைக்கு அப்படியொரு தவணை கிடையாது. பொய்யாக்க முடியாது, ஆனால் அந்த நிறுவனத்துக்கே எழுதி அறிக்கையை இணையத்திலிருந்து எடுப்பிக்கிறேன் என்றேன்.

"அது போச்செண்டா நான் இங்க இருந்து படிப்பேன் மிஸ்," என்றாள். "இல்லாட்டி ஏலாது."

எழுதினேன், கெஞ்சியே எழுதினேன். பதில் தாமதிக்காமல் வந்தது. அச்சான அறிக்கையை மாற்ற இயலாதாம், தாய் அன்றைக்குச் சம்மதித்துக் கைநாட்டும் வைத்திருக்கிறாராம். ஆனால் அந்தச் சிறுமி பல்கலைக்கழகம் வரை வந்தது கேட்டு அவர்களுக்குப் பெரும் மகிழ்ச்சியாம். படப்பிடிப்பாளர் ஒருவரை வளாகத்துக்கு அனுப்புவார்களாம். அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கொடையாளர்கள் நெகிழ்ந்து போவார்களாம்.

அவளே அதைத் திரையில் வாசித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பையிலிருந்து விலகல் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு மாணவி வளாகத்தை விட்டுப் போவதானால், புத்தகம் ஏதும் பாக்கியில்லை என்று நூலகம் கையொப்பமிட வேண்டும். கொஞ்ச நாள் பொறு மகள், மறந்துவிடுவார்கள் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றை அவள் எப்படி நம்புவாள்?

"அண்டைக்கு வெளிநாட்டாக்கள் வாறாங்க எண்டு உம்மா புதுச் சட்டை தைச்சுப் போட்டுவிட்டவ," என்றாள். "படம் எடுத்தவங்க எங்களுக்கு ஒரு படமும் தரல்ல. நான் அந்தப் படத்த முதல் முதல் கண்டது உங்கட டொய்லட் கதவிலதான்."

நான் பேனாவை மூடிவிட்டுத் திறந்தேன்.

"சின்ன வயசுப் படம் எண்டு எங்களிட்ட வேற ஒண்டும் இல்ல மிஸ். எல்லாத்தையும் வெள்ளம் கொண்டு போயிட்டு. உம்மாவுக்கு அதுல ஒண்டு கலர்ல பிரின்ட் எடுத்துத் தாங்களேன்."

அவளுடைய பெயரைத் தேடினேன். உடனே வந்தது. எழுத்துகளையெல்லாம் வெட்டிவிட்டு, சட்டையும் முகமும் மட்டும் தெரியும்படி எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு, நான் கையொப்பமிடும்வரை காத்து நின்றாள்.