விவரம் கிடைக்காத இடத்தில் மாப்பிள்ளை பெயர்

இணைய இணைப்பு தரும் நிறுவனத்தில் பதிவேடு பார்த்த குமாஸ்தாவுக்குக் கொட்டாவியை முழுசாக விடவும் சோம்பல். எந்த ஐ.பி. முகவரி எந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்று எழுதிவைக்க வேண்டுமெனப் புதிய விதி வந்தது. விவரம் கிடைக்காத இடத்திலெல்லாம், தங்கை கணவரான தையல்காரரின் பெயரைப் போட்டு நிரப்பிவிட்டார்.

அப்படியொரு முகவரியிலிருந்து எவனோ கொலைமிரட்டல் அனுப்ப, போலீஸ் தையல்காரரை அள்ளிக்கொண்டு போனது.

தங்கை அலுவலகத்துக்கே ஓடிவந்தாள். "அண்ணே, அந்த மனுஷனுக்குப் போன்ல நம்பர் போடவே நான் வேணும்! பதிவு தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணே!"

"சொன்னா என் வேலை போயிடும்மா."

"சொல்லலைன்னா அவரு உள்ள போயிடுவாரே!"

அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்து, "உங்க பதிவு சரிதானா?" என்று கேட்டார்.

"சுத்தமா இருக்கு சார். எனக்கே அந்தாள் மேல ரொம்ப நாளா ஒரு சந்தேகம்" என்ற குமாஸ்தா, தரையில் சரிந்த தங்கைக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.