சத்தம் வராத வளையல்கள்

பட்டு நூல் நகை செய்கிறவர்களுக்குக் கண் போவதற்கு முன்னால் பொறுமை போய்விடும். விரலில் காய்ந்த கோந்தை உரித்துக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் தலையாட்டுவார்கள்.

முன்னறை

கணவர் போன பிறகு, சேலையூர் வீட்டின் முன்னறையில் நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. நானும் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றேன். யூடியூப் பார்த்து நூல் சுற்றப் பழகி, 'நகை செய்யக் கற்றுத் தரப்படும்' என்று கேட்டில் அட்டை மாட்டினேன். பொங்கலுக்குள் ஆள் சேராவிட்டால் அறையை வாடகைக்கு விடுவது என்று பெங்களூரில் இருக்கும் மகன் பார்த்திபன் ஃபோனிலேயே முடிவு செய்தான். "அதுவரைக்கும் கோந்து டைல்ஸ்ல ஒட்டாம பாத்துக்கோம்மா. வர்றவங்க டைல்ஸைத்தான் பாப்பாங்க."

ஜோடி

ஒரே ஒருத்தி சேர்ந்தாள். கேம்ப் ரோட்டில் தையல் கடை வைத்திருப்பவரின் மனைவி, மும்தாஜ். ஒரு ஜிமிக்கி செய்வது சுலபம், அதற்கு ஜோடி செய்வதுதான் வேலை என்று அவளுக்கு விளக்கினேன். நான் செய்து காட்டிய வலது ஜிமிக்கி, இடதுக்கு அக்கா மாதிரி இருந்தது. மும்தாஜ் இரண்டையும் காதோரம் பிடித்துக் கண்ணாடி பார்த்தாள். "பரவால்ல டீச்சர், ரெண்டு காதையும் ஒரே நேரத்துல யாரு பாக்கப் போறா?"

வளைகாப்பு

முதல் பெரிய ஆர்டரை அவள்தான் பிடித்து வந்தாள். படப்பையில் ஒரு வளைகாப்பு. அங்கே நாலு பெண்களுக்குப் பிடித்தால் முன்னறை பிழைக்கும். மயில் கழுத்து நிறத்திலும் அரக்கிலும் நூல் வளையல்களைச் சுற்றிச் சுற்றி அடுக்கினோம்.

முந்தின நாள் அளவு பார்க்க, கர்ப்பிணிப் பெண் வித்யாவே வந்தாள். கை நிறையப் போட்டுக்கொண்டு, வயிற்றருகே கையை ஆட்டினாள். நூல்மேல் நூல் உரசியது, அவ்வளவுதான். கல்லூரியில் தமிழ் இலக்கியத்தைச் சிலம்பொலியும் வளையொலியுமாகப் படித்தவள் நான். வளைகாப்பு வளையல் எதற்கென்பது எப்படி மறந்தது? வித்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அழகா இருக்கு ஆன்ட்டி. ஆனா பாப்பாவுக்கு ஒண்ணும் கேக்காதே."

மணி

அவளை அனுப்பிவிட்டு நானும் மும்தாஜும் தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓடினோம். ஃபேன்ஸி ஸ்டோரில் ஒவ்வொரு மணியாகக் காதில் ஆட்டிக் கேட்டேன். ஒன்று பூஜை அறையாக ஒலித்தது. இன்னொன்றுக்கு மும்தாஜ், "ஆடு வருது டீச்சர்," என்று வழிவிட்டு நின்றாள். கடைசியில் மிளகளவில் ஒரு பித்தளை மணி கிடைத்தது; வெறும் குடத்தில் சொட்டுத் தண்ணீர் விழுகிற ஒலி. அதை வளையல்தோறும் கோப்பது என்று முடிவு செய்து, திரும்பவும் ஒருமுறை கண்ணை மூடிக் கேட்டேன். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னக்கா, மணி வாங்க வந்தீங்களா, பாட்டு கிளாஸுக்கு வந்தீங்களா?"

பொங்கல்

படப்பையில் வித்யா கை அசைத்தபோதெல்லாம் பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கை கழுவிய ஈரத்தோடு பெண்கள் என் ஃபோன் நம்பர் கேட்டார்கள். அடுத்த வாரமே என் வாசலில் செருப்பு விட இடமில்லை.

பொங்கலுக்கு வந்த பார்த்திபன் பெட்டியோடு அறை வாசலில் நின்றான். உள்ளே பெண்கள், நூல்கண்டுகள், அரட்டை. டைல்ஸ் கண்ணில் படவே இல்லை. "நான் எங்கம்மா படுக்கிறது?"

நகை செய்து நான் சேர்த்த சொத்து, ஒரே நேரத்தில் பேசுகிற ஓர் அறை நிறையப் பெண்கள்தான்: காது வலிக்கிறது, வலிக்கட்டும்.