திருப்பத்தூருக்குத்தான் மழையாம்

சித்திரை பிறந்துவிட்டால் நம் வீட்டில் தினமும் நடக்கிற சண்டை உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் போனைப் பார்த்து நாளைய வெயிலைச் சொல்லிவிடுவீர்கள். நானோ டிவியில் வானிலை வருகிறவரைக்கும் சேனலை மாற்ற விடமாட்டேன். "எல்லாம் போன்லயே இருக்குப்பா" என்று சின்னவன் கத்துவான். போனில் இருப்பது எனக்கும் தெரியும். பந்தல் போட்டுப் பிழைக்கிறவனுக்கு வானம்தான் முதலாளி. முதலாளி என்ன நினைக்கிறார் என்று இரண்டு பேரிடம் விசாரித்துக்கொள்வதில் தப்பில்லை.

ஆனால் நான் மாவட்டத்தின் பெயரை அத்தனை கவனமாகக் காது கொடுத்துக் கேட்பதற்கு ஒரு கல்யாணம்தான் காரணம். அதை உங்களுக்கு முழுசாகச் சொன்னதில்லை. எழுதி வைக்கிறேன். நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான், பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு நம் பக்கம் என்றாலே வெயில்தான். கோடை தொடங்கியதும் செய்தியில் "வேலூரில் சதம்" என்று கிரிக்கெட் மாதிரி சொல்வார்கள். நாமும் நம் தெருப் பையன் அடித்த சதம்போல அதைப் பெருமையாகக் கேட்டுக்கொள்வோம். மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து, நம் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் எந்த ஊர் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் வாயில் முதலில் வருவது வேலூர்தான். உங்கள் அம்மா போனில் வைத்திருக்கிற வானிலைகூட வேலூருக்குத்தான் என்பதைப் போய்ப் பாருங்கள்.

அந்தக் கல்யாணம் ரயில்வே லைனுக்குப் பக்கத்துத் தெருவில். பெண்ணின் அப்பா தோல் தொழிற்சாலையில், பச்சைத் தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் ஓட்டுகிறவர். மனைவி இறந்த பிறகு அவரும் அவருடைய அக்காவும் சேர்ந்துதான் அந்த ஒரே பெண்ணை வளர்த்தார்கள். பெண் டிகிரி படித்துவிட்டு, ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தது. மாப்பிள்ளை வீடு காவேரிப்பாக்கம், ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். அவர்கள் மண்டபம் கேட்டிருக்கிறார்கள். இவர், "என் பொண்ணு பொறந்து வளந்த வாசல்லதான் பந்தல் போடுவேன்" என்று சொல்லிவிட்டார். மண்டபம் எடுக்க வசதி இல்லை என்பதும் உண்மை, வாசலில் செய்ய ஆசை என்பதும் உண்மை. அவர்கள் முகம் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்களாம். அதனால் பந்தலை ஒரு குறை சொல்ல முடியாதபடி போட வேண்டும் என்று என்னிடம் நாலு தடவை சொன்னார்.

கல்யாணத்துக்கு முதல் நாள், மாப்பிள்ளை அழைப்பு அன்று மத்தியானம். நானும் உங்கள் மாமாவும் தெருவை அடைத்துத் துணி கட்டிக்கொண்டிருந்தோம். இரும்புக் குழாயைத் தொட்டால் கை சுட்டது. குழாய்க்குக் குழாய் ஈரத் துண்டைச் சுற்றிப் பிடித்தோம். உள்ளே டிவியில் வானிலை ஓடியது. வேலூரில் வெயில் இன்னும் ஏறும், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை, பலத்த காற்று என்று செய்தி வாசிக்கிற பெண் சொன்னது.

பெண்ணின் அப்பா வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "திருப்பத்தூருக்குத்தான் மழையாம். நமக்கு வெயில்தான்" என்றார்.

"கொடுத்து வச்சவங்க" என்றார் உங்கள் மாமா, கழுத்தைத் துடைத்துக்கொண்டு. நானும் தலையை ஆட்டினேன். மூன்று பேருமே திருப்பத்தூர் மாவட்டத்தில் நின்றுகொண்டுதான் அப்படிப் பேசினோம்.

அதைச் சொன்னது கல்யாணப் பெண்தான். இரண்டு கையிலும் மருதாணி காய்ந்துகொண்டிருக்க, கைகளைத் தூக்கிப் பிடித்தபடி வாசற்படியில் நின்றது. "அப்பா, நம்மளும் திருப்பத்தூர் மாவட்டம்தான்பா. அந்த மழை நமக்கும் சேத்துத்தான் சொல்றாங்க."

அதை வளர்த்த அத்தை பாய்ந்து வந்தாள். "கல்யாணப் பொண்ணு வாயால மழைன்னு சொல்லாதடி! சின்ன வயசுல அரிசிய அள்ளி அள்ளித் தின்ன இல்ல, அதான் உனக்கு மழை ஞாபகமாவே இருக்குது."

"நான் எங்க அத்தை தின்னேன், நீதானே ஊட்டுன."

எல்லோரும் சிரித்தோம். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "வருமாப்பா?" என்று கேட்டார். ஓரிரு இடம் என்றால் எந்த ஓரிரு இடம் என்று யாருக்குத் தெரியும்? "தெரியலண்ணா. பாத்துக்கினே இருக்கேன்" என்றேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வேப்பமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. ஏலகிரிப் பக்கம் மலைக்கு மேலே இன்னொரு மலை எழும்பியது போல இருண்டுகொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்தில் பட்ட காற்று சில்லென்று இருந்தது. துணி காற்றைப் பிடித்தால் கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு போகும். கீழே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, துணிய இறக்கிடலாம். குழாய் அப்படியே நிக்கட்டும். காத்து போனதும் திருப்பிக் கட்டித் தர்றேன்."

அத்தை வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னா தம்பி பேசற? தாலி ஏறாத பந்தலைப் பிரிப்பியா? வேற வீட்டுல போய்ச் செய்."

"பிரிக்கலக்கா. பந்தக்கால்ல கை வைக்க மாட்டேன். மஞ்சள் பூசி நட்டது நட்டபடி நிக்கும். துணி மட்டும்தான்."

"துணி இல்லாம அது இன்னா பந்தலு, வெறும் கொம்பு."

பெண்ணின் அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். "அவங்க வேன் கிளம்பியாச்சு. மண்டபம் எடுக்கலன்னு ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்குது. வந்து இறங்கறப்ப பந்தலே இல்லன்னா எம் பொண்ண நாளைக்கு எப்படி நடத்துவாங்க? இந்த ஒரு சாப்பாட்ட வச்சித்தான் ஆயுசுக்கும் பேசுவாங்க." அந்த மனுஷனைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. நம் பெரியவளும் ஒரு நாள் இப்படிப் போக வேண்டியவள்தானே.

"பந்தல் இல்லன்னா ஒரு பேச்சுதான். பந்தல் யார் மேலயாவது விழுந்துச்சுன்னா?" என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா போய்ப் பந்தக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இறக்கு என்று அர்த்தம்.

கடைசி முடிச்சை அவிழ்க்கும்போதே புழுதி தெருமுனையில் வந்துவிட்டது. துணியைச் சுருட்டி அதன்மேலேயே நானும் உங்கள் மாமாவும் படுத்துக்கொண்டோம். எதிர்வீட்டுத் தகரம் ஒன்று பறந்து போனது. அப்புறம் மழை. வாழைமரம் இரண்டும் சாய்ந்தன. வரவேற்பு பேனரில் மாப்பிள்ளை மடங்கிக்கொண்டார், பெண் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றது. கரண்டும் போனது. சமையல் பின்பக்கம் தகரக் கொட்டகையில் நடந்ததால் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் கேசரியும் தப்பின. ஆனால் இலை போடத் தெருவில் முழங்கால் தண்ணீர்.

எதிரே ஒரு பாய் தோல் கிடங்கு வைத்திருந்தார். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு அங்கிருந்தே கத்தினார். "அண்ணே, உள்ள இடம் இருக்குது! தோல் கட்டெல்லாம் ஒரு ஓரமாத் தள்ளிக்கலாம். ஆளுங்கள அனுப்புங்க!"

பெண்ணின் அப்பா நகரவில்லை. "பாய், வாசனை..." என்றார்.

"வாசனை இருக்கத்தான் செய்யும். வேற இடம் இருந்தா சொல்லுங்க, நானும் வந்து சாப்பிடறேன்."

வேறு இடம் இல்லை. தெரு முழுக்க ஷூ கம்பெனிக்கும் தோல் வேலைக்கும் போகிறவர்கள். கூப்பிடாமலே வந்து கட்டுகளைத் தூக்கினார்கள். நான் என் ஜெனரேட்டரை இழுத்து வந்து நாலு விளக்கு போட்டேன். என் பந்தல் துணியின் உலர்ந்த பக்கத்தைத் தோல் கட்டுகளுக்கு முன்னால் திரைபோலக் கட்டினேன். அத்தை சாம்பிராணிப் புகையோடு மூலை மூலையாக ஓடினாள். வாசனை போகவில்லை. அது போகிற வாசனை இல்லை என்று உங்களுக்கே தெரியும். உங்கள் அம்மா கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அவளோடு வருகிறதே, அதே வாசனை. நமக்கு அது வீடு. காவேரிப்பாக்கத்துக்காரர்களுக்கு?

மழை விட்டுத் தூறும்போது வேன் வந்தது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் சித்தப்பா, காய்ந்த வெள்ளை வேட்டியோடு. "எங்க ஊர்ல ஒரு சொட்டு இல்ல. இங்க இன்னா இப்படி?" என்றவர் சுற்றிலும் பார்த்தார். "பந்தல் எங்க?"

யாரும் பதில் சொல்வதற்குள் பாயே ஷட்டர் பக்கம் கை காட்டினார். சித்தப்பா இரண்டு படி ஏறினார், கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார், அப்படியே திரும்பி இறங்கினார். "தோல் கிடங்குல சோறா? எங்கள இன்னான்னு நினைச்சிக்கினீங்க?"

வேனில் இருந்து இறங்கியவர்கள் எல்லோரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். பெண்ணின் அப்பா கையில் தண்ணீர் ஜக்கோடு முன்னால் போனார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டார்தான். ஆனால் முதலில் இதைச் சொன்னார்.

"இது வேலை முடிஞ்ச தோலுங்க. நான் நிக்கிற இடம் இத விட ஜாஸ்தி நாறும். அதுல நின்னுதான் எம் பொண்ண படிக்க வச்சேன். பந்தல் போட்டேன், காத்து விடல. மன்னிச்சிக்கோங்க."

மாப்பிள்ளையின் அம்மா வேன் கதவோரம் நின்றிருந்தாள். வயலில் வெயில் குடித்துக் கறுத்த முகம், காலில் செருப்பு இல்லை, கையில் இருந்தது. தண்ணீரில் நடந்து வந்தாள். படியேறி உள்ளே எட்டிப் பார்த்தாள். மூச்சை ஒரு தடவை இழுத்தாள். முகம் மாறத்தான் செய்தது.

"பொண்ணு இந்த வாசனையிலதான் வளந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"எங்க மாட்டுக் கொட்டாய்க்கு வந்தா அது மூக்கப் பொத்துமா?"

கிடங்கின் உள்ளேயிருந்து அத்தைதான் சொன்னாள்: "பொத்தாது. நான் வளத்த பொண்ணு."

"அப்ப இலையப் போடுங்க. மத்தியானத்துலேர்ந்து வயித்துல ஒண்ணுமில்ல" என்று செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, முதல் ஆளாகத் தரையில் விரித்திருந்த கோரைப்பாயில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அப்புறம் பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள். வேன் டிரைவர்கூட வந்தார்.

சித்தப்பா மட்டும் கடைசிவரை உள்ளே வரவில்லை. வேனிலேயே உட்கார்ந்து கேசரி மட்டும் வாங்கிச் சாப்பிட்டார். எல்லோரும் மனசு மாறிவிட்டார்கள் என்று உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவருக்கும் அந்த வாசனை பழக்கமில்லை, அவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. பாய்தான் அவருக்கு வேனுக்கே தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தெருக்காரர்களும் நானும் பரிமாறினோம். மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது தடவை தொக்கு கேட்டாள். "மழ வந்ததால சூடாவே சாப்பிடறோம். இல்லாட்டி இந்த வெயில்ல யாரு பிரியாணி தின்றது" என்று பக்கத்து இலையிடம் சொன்னாள். ஷட்டர் வழியாகக் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. அந்தக் கோடையிலேயே அன்றைக்குத்தான் அந்தத் தெரு விசிறி இல்லாமல் சாப்பிட்டது.

பந்தி முடியும் நேரம். பெண்ணின் அப்பா தொக்கு வாளியோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தார். யார் இலையிலும் இடம் இல்லை, ஆனாலும் நிற்கவில்லை. நின்றால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இன்னும் விடவில்லை என்று நினைக்கிறேன். கை கழுவிவிட்டு வந்த மாப்பிள்ளையின் அம்மா அவர் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சம்பந்தி, எவ்ளோ நேரம் நடப்பீங்க? உட்காருங்க."

அதுவரை அவரை அவள் "பொண்ணு வீட்டுக்காரரே" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்தார். அவளே ஒரு இலையைப் போட்டுப் பிரியாணியை அள்ளி வைத்தாள். "ஐயோ, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பரிமாறக் கூடாதும்மா" என்று அத்தை பதறி ஓடி வந்தாள். "இன்னைக்கு எது முறைப்படி நடந்துச்சு?" என்றாள் அவள், தொக்கையும் வைத்தாள்.

பெண்ணின் அப்பா ஒரு வாய் எடுத்து வைத்தார். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தொக்குல காரம் கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிடுச்சு" என்றார்.

"கம்மிதான்" என்று சொல்லிவிட்டு, பாய் அவர் டம்ளரில் தண்ணீரை ஊற்றினார்.